வரிசையில் நின்றது ஏன்?

1898-ஆம் ஆண்டு, மார்ச் திங்கள் 9-ஆம் நாள். பம்பாய் நகரில் நெசவுத் தொழிலாளர் வாழ்ந்த தெரு. பிளேக் நோயாளிகளைத் தேடி வீடு வீடாகப் புகுந்துவந்த அரசாங்கக் குழு, ஓர் ஏழை நெசவாளர் வீட்டில் நோயுற்றுக் கிடந்த சிறுமியைப் பரிசோதிக்க முனைந்தது. அயல் ஆடவர் தொட்டுப் பார்ப்பதா என்று வீட்டார் மறுத்தனர். கூட்டம் கூடிற்று. கற்கள் பறந்தன. துப்பாக்கி முழங்கிற்று. கலகம் நகரெங்கும் பரவிற்று, உயிர்கள் பலியாயின.

2020-ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் 23-ஆம் நாள். தென்கொரியாவின் டேகு நகரில் ஒரு மருத்துவமனையின் வாயில். கார்கள் வரிசை பிடித்து நின்றன. தங்கள் உடலுக்குள் கொரோனாக் கிருமி குடியேறியிருக்கிறதா என்று அறிய வந்தவர்கள் அவற்றில் அமர்ந்திருந்தனர். எவரும் இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினர். தலைமுதல் கால்வரை மூடிய உடையணிந்த பணியாளர், பஞ்சு சுற்றிய மெல்லிய குச்சியால் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்தார். பத்து நிமிடம் போதுமானதாயிற்று. ஒரு கார் நகர்ந்தது. மறு கார் வந்தது.

இடையே 122 ஆண்டுகள். அங்கே, பரிசோதிக்க வந்தவரைக் கண்டு மக்கள் கல்லெடுத்தனர். இங்கே, பரிசோதிப்பவரைத் தேடி மக்களே சென்றனர். ஏன் இந்த வேறுபாடு?

விடை எளிது என்று நம் நண்பர்களில் பலர் கருதுகின்றனர். அவன் பாமரன், ஓடினான்; இவன் படித்தவன், வந்தான். கல்வியும் அறிவியலும் பரவினால் எல்லாரும் வருவார்கள். இவ்வாறு மேடையில் பேசினால் கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் அந்த விடை உண்மைதானா? ஊரார் நம்பிக்கையை உரசிப் பார்க்கும் பகுத்தறிவு, நம்முடைய முடிவையும் ஒருமுறை உரசிப் பார்க்கட்டும். வரலாற்றைக் கேட்போம், தோழர்களே!

பம்பாயில் நடந்தது என்ன?

1896 செப்டம்பரில், துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்விப் பகுதியில் பிளேக் தலைகாட்டியதை மருத்துவர் வியேகஸ் கண்டறிந்து கூறினார். அந்நோயை உண்டாக்கும் கிருமியை யெர்சின் என்பார் 1894-லேயே ஆங்காங்கில் கண்டுபிடித்திருந்தார். ஆனால் அது எவ்வழியே மனிதரை அடைகிறது என்பது அன்று தெளிவாகவில்லை. தெளிவில்லாத இடத்தில் வெள்ளையர் ஆட்சி சட்டத்தைக் கொண்டுவந்து வைத்தது. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் பிறந்தது. வீட்டுக்குள் நுழையலாம், நோயுற்றவரை இழுத்துச் செல்லலாம், உறவினரை முகாமில் அடைக்கலாம், தட்டுமுட்டுப் பொருள்களைக் கொளுத்தலாம். தொடர்வண்டி நிலையங்களில் பயணிகளை நிறுத்தி, அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறிகட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தனர். பூனாவில் படைவீரரே வீடுகளைச் சோதனையிட்டனர். பெண்டிர் இழிவுபடுத்தப்பட்டனர் என்ற குமுறல் எழுந்தது. அங்கே பிளேக் அதிகாரியாக இருந்த ராண்ட் என்பவர் 1897 ஜூன் 22 இரவு சுடப்பட்டார்.

இவ்வளவு ஆர்ப்பாட்டமும் எதற்குப் பயன்பட்டது? 1898-ல் கராச்சியில் ஆய்வு செய்த சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே பிளேக்கைப் பரப்புகிறது என்று கண்டார். அதையும் உடனே ஏற்பார் இல்லை. ஆட்சியாளர் மனிதனை இழுத்துச் சென்றுகொண்டிருந்தனர். எலி அதே வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது!

அந்த நெசவாளியின் நிலையில் நின்று கணக்கிட்டுப் பாருங்கள். நோய் இருக்கிறதென்று தெரிந்தால் அவனுக்குக் கிடைப்பது என்ன? மருந்தா? பிளேக்கை முறியடிக்கும் மருந்து 1940-களில்தான் வந்தது. சரி, இழப்பது என்ன? வீடு, பொருள், கூலி, குடும்பத்தார் அருகிருக்கும் ஆறுதல், பெண்ணின் மானம் என அவன் உடைமையாகக் கருதிய அனைத்தும். கிடைப்பது ஒன்றுமில்லை, இழப்பதோ எல்லாம். இப்படிப்பட்ட பரிசோதனைக்கு எவன் வருவான்? நோயாளியை மறைத்தான், பிணத்தையும் மறைத்தான்.

மறைத்தவர் அனைவரும் குற்றமற்றோர் என்று வாதாடவில்லை. ஒரே மருத்துவமனையில் பல சாதியாரும் படுத்தால் சாதி கெடும் என்று அலறியோரும் அன்று இருந்தனர். சாதிக்கொரு மருத்துவமனை வைத்துக்கொள்ள ஒப்புதலும் பெற்றனர். சாகும் வேளையிலும் சாதி பார்த்த அந்தக் கொடுமையை நாம் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. ஆனால் சாதித் திமிர் பிடித்தவன் மறுத்ததையும், உடைமை ஒன்றுமில்லாதவன் மறுத்ததையும் ஒரே தராசில் வைத்து, இரண்டுக்கும் மூடத்தனம் என்று பெயர் சூட்டுவது நேர்மையாகாது.

அது பழங்காலம், படிப்பில்லாத மக்கள் என்பீர்களா? அப்படியானால் படித்தவர்கள் நிறைந்த நகரங்களுக்குச் செல்வோம்.

1981-ல் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோய் வெளிப்பட்டது. 1983-ல் பாரிசு நகரத்துப் பாஸ்டர் ஆய்வகத்தில் அதன் வைரசைப் பிரித்தெடுத்தனர். 1985 மார்ச்சில் அதற்கான இரத்தப் பரிசோதனைக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. மக்கள் ஓடோடி வந்தனரா? இல்லை! நியூயார்க்கிலும் சான்பிரான்சிஸ்கோவிலும், நாள்தோறும் ஏடு படிப்போரும் பட்டம் பெற்றோரும், பரிசோதனை செய்துகொள்ள வேண்டாம் என்று தம்மைச் சார்ந்தோர்க்கு அறிவுரை கூறினர். மருந்து இல்லை, ஆனால் செய்தி வெளிப்பட்டால் வேலை போகும், காப்பீடு போகும், வாடகை வீடு போகும். பம்பாய் நெசவாளி போட்ட கணக்கையே அமெரிக்கப் பட்டதாரியும் போட்டான். விடையும் ஒன்றாகவே வந்தது.

நிலைமை எப்போது மாறிற்று? பெயர் கேட்காமல், எண் ஒன்றை மட்டும் கொடுத்துப் பரிசோதிக்கும் நிலையங்கள் 1985-லேயே தொடங்கப்பட்டன. தயங்கியோரில் ஒரு பகுதியினர் வந்தனர். 1996-ல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை வந்தது. நோயை அறிவது என்பது சாவுத் தேதியைக் கேட்டறிவது என்ற நிலை அகன்றது. அறிவதால் வாழலாம் என்றானபோது, அறிய விரும்புவோர் பெருகினர்.

இந்த வரலாற்றில் சென்னைக்கும் ஓர் ஏடு உண்டு. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற நிர்மலா என்ற மாணவி, தம் ஆசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், காப்பகத்தில் இருந்த பாலியல் தொழிலாளரான பெண்களிடம் இரத்த மாதிரிகள் சேகரித்தார். வேலூரில் அவற்றைப் பரிசோதித்தனர். இந்தியாவில் எச்.ஐ.வி. நுழைந்துவிட்டது என்ற செய்தி அவ்வாறே முதன்முதல் வெளிப்பட்டது. எளிய கருவிகளைக் கொண்டு இரு பெண்கள் செய்த அருஞ்செயல் அது. நாட்டின் கண்ணைத் திறந்த பணி!

ஆனால் இரத்தம் கொடுத்த பெண்களின் நிலை? கிருமி உண்டு என்று கண்டறியப்பட்ட பெண்கள் சிலர், விடுதலை பெறவேண்டிய காலம் கடந்த பின்னும் காப்பகத்திலேயே அடைத்து வைக்கப்பட்டனர். நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த பிறகு, 1990-ல்தான் அவர்களுக்குக் கதவு திறந்தது. மாதிரி கொடுத்ததற்குக் கிடைத்த பரிசு சிறை! இதைக் கேள்வியுற்ற மற்றொருத்தி, பரிசோதனைக்குத் தானே முன்வருவாளா? வராதிருந்தால், அவளை அறியாதவள் என்று ஏசும் உரிமை எவருக்கு உண்டு?

2004 ஏப்ரல் முதல் நாள், எய்ட்ஸ் நோய்க்கான மருந்தை அரசு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கும் திட்டம் இந்தியாவில் தொடங்கிற்று. தொடக்க இடங்களுள் தாம்பரமும் ஒன்று. ஒருவரின் இசைவின்றி எச்.ஐ.வி. பரிசோதனை செய்யலாகாது, நோயைக் காரணம் காட்டி வேலையிலோ பள்ளியிலோ ஒதுக்கலாகாது என்ற சட்டம் 2017-ல் இயற்றப்பட்டது. மருந்து வந்தது, ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் தாமதித்தேனும் வந்தது. மானத்துக்கான காப்பு, அதற்கும் பின்னால் வந்தது.

ஏழையின் கணக்கில் நாணயத்துக்கும் இடமுண்டு. ஆப்பிரிக்க நாடான மலாவியில் 2004-ல் ஓர் ஆய்வு நடந்தது. சிற்றூர் மக்களுக்கு வீட்டிலேயே எச்.ஐ.வி. பரிசோதனை செய்தனர், முடிவை அறிய அருகிலுள்ள நிலையத்துக்கு வரவேண்டும். ஊக்கத்தொகை எதுவும் கிடைக்காதோரில் வந்தவர் 100-க்கு 34 பேர். நாட்கூலியில் பத்தில் ஒரு பங்கே பெறும் சிறுதொகை தருவதாகச் சொன்னபோது, வந்தோர் தொகை ஏறத்தாழ இரு மடங்காயிற்று. நிலையம் தொலைவில் இருந்தால் வந்தோர் குறைந்தனர். அறியாமை என்று நாம் எழுதிவைத்த இடத்தில் இருந்தது, வேலையை விட்டு நடந்துவர வேண்டிய தொலைவு!

இனிக் கொரோனாவுக்கு வருவோம்.

பிளேக்கில் நெறி கட்டும். அம்மையில் கொப்புளம் எழும். கொரோனாவோ உடலில் ஒரு குறியும் காட்டாமலே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவ வல்லது. இத்தாலியின் வெனிட்டோ மாநிலத்தில் வோ என்று ஓர் ஊர். மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சிற்றூர். 2020 பிப்ரவரி 21-ல் அவ்வூர்க்காரர் ஒருவர் கொரோனாவால் இறந்தார். ஊரை அடைத்தனர், ஊரார் அனைவருக்கும் பரிசோதனை செய்ய முன்வந்தனர். முதற்சுற்றிலேயே 100-க்கு 85-க்கு மேற்பட்டோர் மாதிரி கொடுத்தனர். நோய் கண்டோரில் 100-க்கு 40-க்கும் மேற்பட்டோருக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எந்தக் குறியும் இல்லை. நன்றாக இருக்கிறேன் என்று நம்பிய மகன், தாய்க்கு உணவு கொண்டுசென்றபோது நோயையும் கொண்டுசெல்லக் கூடும் என்பது தெளிவாயிற்று. தன் உடல் தனக்கே சொல்லாத செய்தியைச் சொல்லவல்லது பரிசோதனை ஒன்றே. "சோதியுங்கள், சோதியுங்கள், சோதியுங்கள்" என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர் 2020 மார்ச் 16-ல் வலியுறுத்தியதும் அதனால்தான்.

ஆகவே, வரிசையில் நின்றவர் பலவகையினர். இருமலால் அஞ்சியவர் உண்டு. நோயுற்றவரோடு ஒரே அறையில் பணிபுரிந்தவர் உண்டு. வேலைக்கும் பயணத்துக்கும் சான்று வேண்டியவர் உண்டு. வீட்டில் முதியோர் இருக்கிறார்களே, அவர்களுக்குத் தன்னால் தீங்கு நேரக்கூடாதே என்று கவன்றவரும் உண்டு. டேகுவில் கார்கள் நின்ற அந்நாளில் கொரோனாவுக்கு உரிய மருந்து எதுவும் கையில் இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்தக் குறை பம்பாய்க்கும் இருந்தது, டேகுவுக்கும் இருந்தது. பின் டேகுவில் இருந்ததும் பம்பாயில் இல்லாததும் எவை?

கொரியா தவறு செய்து கற்ற நாடு. 2015-ல் மெர்ஸ் என்ற நோய் அங்கே பரவி 186 பேரைப் பற்றியது; 38 பேர் மாண்டனர். எந்தெந்த மருத்துவமனைகளில் நோய் பரவுகிறது என்பதை அரசு முதலில் மறைத்தது. மக்கள் சீறினர். சட்டங்கள் திருத்தப்பட்டன. 2020 ஜனவரி 20-ல் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டதும், ஒரு வாரத்துக்குள் மருத்துவக் கருவி நிறுவனங்களைச் சியோல் தொடர்வண்டி நிலையத்துக்கு அழைத்துப் பேசினர். பிப்ரவரி 4-ல் முதல் பரிசோதனைப் பொருளுக்கு ஒப்புதல் கிடைத்தது. ஐயத்துக்குரியோர்க்குக் கட்டணம் இல்லை. நோய் உறுதியானால் சிகிச்சைச் செலவு அரசையும் காப்பீட்டையும் சார்ந்தது. தனித்திருக்கும் காலத்துக்கு வாழ்க்கை உதவித்தொகையும் உண்டு. உரிய ஆவணமின்றித் தங்கியிருந்த அயல்நாட்டுத் தொழிலாளரும் அஞ்சாமல் வரலாம், பரிசோதனைக்கு வந்தவரைக் குடியேற்றத் துறையிடம் காட்டிக்கொடுக்க மாட்டோம் என்றும் அறிவித்தனர். அறிவதால் இழப்பு இல்லை என்று ஆக்கினர், மக்கள் வந்தனர்.

இதோடு கதை முடிந்திருந்தால், கொரியர் ஒழுங்குமிக்கவர், ஆகவே வந்தனர் என்று நீங்கள் கூறலாம். ஆனால் அதே ஆண்டு மே மாதத்தில் நடந்ததைப் பாருங்கள்!

சியோலின் இதேவொன் பகுதியிலுள்ள இரவுக் கூடங்களில் நோய் பரவிற்று. நோயாளி எங்கெங்கே சென்றார் என்பதை ஊரறிய வெளியிடும் முறை, மெர்ஸ் நோய்க்குப் பின் சட்டமாகியிருந்தது. அக்கூடங்கள் ஒருபால் விருப்பினர் செல்லும் இடங்கள் என்று ஏடுகள் எழுதின. இழிமொழிகள் குவிந்தன. பரிசோதனைக்குச் சென்றால், கிருமி இருக்கிறதோ இல்லையோ, அலுவலகமும் தாய்தந்தையரும் தம் அந்தரங்கத்தை அறிந்துவிடுவர் என்ற அச்சம் பிறந்தது. கூடத்தின் பதிவேட்டிலிருந்த எண்களுக்கு அதிகாரிகள் தொலைபேசியில் அழைத்தனர். பலர் எடுக்கவே இல்லை. வரிசைக்குப் புகழ்பெற்ற அதே கொரியாவில், மக்கள் பரிசோதனையைக் கண்டு பதுங்கினர்!

நகராட்சி என்ன செய்தது? படையை அனுப்பி வீடு வீடாகத் தேடியிருந்தால் அது பம்பாயாகியிருக்கும். பெயர் வேண்டாம், தொலைபேசி எண் மட்டும் போதும், கட்டணம் இல்லை என்று மே இரண்டாம் வாரத்தில் அறிவித்தது. அதன்பின் பரிசோதனைக்கு வந்தோர் தொகை விரைந்து உயர்ந்தது, பல்லாயிரவர் வந்தனர். சில நூறு பேரோடு அந்தப் பரவல் அடங்கிற்று.

தோழர்களே, இந்த மே மாதத்தை நன்கு மனத்தில் கொள்ளுங்கள். ஒரே நாடு, ஒரே மக்கள், ஒரே படிப்பு. பிப்ரவரியில் வந்தனர், மே தொடக்கத்தில் பதுங்கினர், மே நடுவில் மீண்டும் வந்தனர். சில வாரங்களுக்குள் அவர்களின் அறிவு குறைந்து பின் வளர்ந்ததா? அறிவு இருந்தபடியே இருந்தது. மாறியது, பரிசோதனை மேசைக்கு அப்பால் அவர்களுக்காகக் காத்திருந்தது எது என்பதே. படித்தவன் வந்தான், பாமரன் ஓடினான் என்ற விடை இங்கே உடைந்து போகிறது.

கற்ற பாடத்தைக் கொரியாவும் எப்போதும் காத்ததில்லை. 2021 மார்ச்சில், அயல்நாட்டுத் தொழிலாளர் அனைவரும் கட்டாயம் பரிசோதனைக்கு வரவேண்டும், வராவிடில் தண்டம் என்று சியோல் நகராட்சி ஆணையிட்டது. அருகிலிருந்து பணிபுரியும் கொரியருக்கு அந்த ஆணை இல்லை! கிருமி கடவுச்சீட்டைப் பார்த்தா பற்றுகிறது என்று கண்டனம் எழுந்தது. இரண்டே நாளில் கட்டாயம் கைவிடப்பட்டது.

இங்கிலாந்தின் கதையும் இதற்குத் துணைநிற்கிறது. 2020 நவம்பரில் லிவர்பூல் நகரத்தார் அனைவருக்கும், குறி இருப்பினும் இல்லாவிடினும், இலவசப் பரிசோதனை என்றனர். ஏறத்தாழ ஐந்து வாரங்களில் விரைவுப் பரிசோதனைக்கு வந்தவர் நான்கில் ஒருவர். வறியோர் வாழும் பகுதிகளில் வருகை இன்னும் குறைவு. கிருமி உண்டென்றால் வீட்டில் அடங்கியிருக்க வேண்டும். அடங்கியிருந்தால் அன்றாட வருவாய் நிற்கும். அந்த அச்சமே காலைக் கட்டிற்று. பரிசோதனை இலவசம், ஆனால் அதன் முடிவு இலவசமாக இல்லை.

நம் நாட்டில் எப்படி? 2020 மார்ச்சில் தனியார் ஆய்வகங்களில் ஒரு பரிசோதனைக்கு 4,500 ரூபாய் வரை வாங்கலாம் என்று வரம்பு விதித்தனர். கட்டணமின்றிச் செய்க என்று உச்சநீதிமன்றம் ஏப்ரல் 8-ல் கூறிற்று. ஐந்தே நாளில், ஏழைகளுக்கு மட்டும் என்று அதைத் திருத்திற்று. நோயாளியின் வீட்டுச் சுவரில் அறிவிப்பு ஒட்டினர். தெருவைத் தகரத்தால் அடைத்தனர். உரிய அதிகாரியின் ஆணையின்றி அவ்வாறு ஒட்டலாகாது என்று உச்சநீதிமன்றம் கூறியது 2020 டிசம்பர் 9-ல். அதற்குள் முதல் அலையே ஓய்ந்துகொண்டிருந்தது. சென்னையில், கொரோனாவுக்குப் பலியான மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் 2020 ஏப்ரலில் ஒரு கும்பல் தாக்கியதே, அந்த வெட்கக்கேட்டை மறக்க முடியுமா? உயிர் காக்கும் மருத்துவனுக்கே ஆறடி நிலம் இல்லையென்றால், கூலிக்காரன் தனக்குக் காய்ச்சல் என்று வெளியே சொல்வானா?

2021 மே மாதத்தில் கோவையருகே 'கொரோனா தேவி' என்று சிலை வைத்துப் பூசையும் நடத்தினர். கேட்டு நகைத்தோம். நகைக்க வேண்டியதே! கல்லை வணங்கினால் கிருமி கலையாது என்று ஆயிரம் முறை சொல்வோம். ஆனால் சிலையைக் கண்டு நகைத்த நாம், தகரத்தைக் கண்டு என்ன செய்தோம்? அந்தத் தகரத்தை அடித்தவன் பூசாரி அல்லன். அறிவியலின் பெயரால், அலுவலகத்தின் ஆணையால் அது அடிக்கப்பட்டது. அதுவும் மக்களைப் பரிசோதனையிலிருந்து விரட்டிற்று. சிலை விரட்டியதைவிட மிகுதியாகவே விரட்டியிருக்கும் என்பேன்.

மூடநம்பிக்கையை எதிர்ப்பது நம் கடமை; அதில் தளர்ச்சி வேண்டாம். அத்தோடு கடமை தீர்ந்ததென்று திரும்பிவிடவும் வேண்டாம். மக்கள் அறிய விரும்புகிறார்கள். பம்பாய் முதல் சியோல் வரை வரலாறு காட்டுவது அதுதான். அறிந்தால் உதவி உண்டு, கூலி போகாது, பெயர் தெருவில் ஏலம் போகாது, தன்னை மனிதனாக மதிப்பார்கள் என்ற உறுதி கிடைக்கும்போது, அழையாமலே வருகிறார்கள். அந்த உறுதி இல்லாதபோது, பட்டதாரியும் பதுங்குகிறான்.

இன்னொரு கொள்ளைநோய் வரக்கூடும். அன்று நம் இளைஞர் குழுக்கள் தெருவில் இறங்கும், இறங்கத்தான் வேண்டும். வராதவன் வீட்டு வாசலில் நின்று, ஏன் வரவில்லை என்று அவனைக் கேட்பதற்கு முன், ஊராட்சியிடமும் நகராட்சியிடமும் சென்று கேளுங்கள்: கட்டணம் உண்டா? தனித்திருக்கும் நாளுக்கு அரிசியும் கூலியும் உண்டா? பெயரை மறைப்பீர்களா? சுவரில் ஒட்டுவீர்களா? தகரம் அடிப்பீர்களா? இவற்றுக்குத் தக்க விடையைப் பெற்றுக்கொண்டு, பிறகு அவன் கதவைத் தட்டுங்கள். கதவு திறக்கும்.